பெயரடைகளை வெட்டுகிறவள்

முதல் சந்திப்பில் நான் சட்டம் பேசுவதில்லை.
புதன்கிழமை காலையில் பிள்ளை என்ன சாப்பிடும்
என்று கேட்பேன்.
சிலர் உடனே சொல்வார்கள்:
முட்டை, மஞ்சள் கரு இல்லாமல்.
சிலர் வீட்டின் விலையிலிருந்து தொடங்குவார்கள்.
இரண்டையும் குறித்துக்கொள்வேன்.

ஏஜக்ஸில், பீட்சாக் கடைக்கு மேலே என் அலுவலகம்.
நாலு மணிக்குப் பிறகு வந்து அழுகிறவர்கள்
வெங்காயம் வதங்கும் மணத்தில் அழவேண்டியிருக்கும்.
மன்னிப்புக் கேட்டு ஜன்னலைத் திறப்பேன்,
ஜனவரியிலும்.

எனக்குப் பதினொரு வயது.
ஒஷாவாவில் நீதிமன்றத் தாழ்வாரம்.
ஒரு வாங்கில் அப்பா, எதிர் வாங்கில் அம்மா,
நடுவில் கடமைக்கு வந்த வக்கீல் ஒருத்தி.
மொழிபெயர்ப்பாளர் நெடுஞ்சாலைப் பனியில் நின்றுவிட்டார்.
"சொல்லு, ஒரு சதமும் குடுக்கமாட்டன்."
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
அப்பாவிடம் இந்த மாதம் காசு குறைவாம்.
"கேள், வெக்கமில்லையோ எண்டு."
அம்மா கேட்கிறார், அடுத்த மாதம் முடியுமா?
வக்கீல் எழுதிக்கொண்டே சொன்னாள்:
நியாயமான மனிதர்கள்.
அம்மா என் தொடையில் கிள்ளினார்.
அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது.

இப்போதும் அதையேதான் செய்கிறேன்,
மணிக்கு இவ்வளவு என்று.
சத்தியக் கூற்றுகள் வரும்:
கொடூரமான, நன்றிகெட்ட, ஈவிரக்கமில்லாத.
பேனாவை எடுப்பேன்.
வெட்டி முடிந்தபின் மிஞ்சுவது:
வெள்ளி ஆறு மணிக்கு வரவேண்டியவர்
ஏழு ஐம்பதுக்கு வந்தார்.
பிள்ளை சப்பாத்தோடு தூங்கிவிட்டது.

'கஸ்டடி' என்ற சொல்லைச் சட்டமே கைவிட்டுவிட்டது.
எங்கள் ஆட்கள் விடவில்லை.
பிள்ளை யாருக்கு என்பார்கள்,
நான்காம் வேற்றுமையில், காணி கேட்பதைப்போல.
யாரோடு, எந்தெந்த நாள் என்று
மூன்றாம் வேற்றுமைக்கு மாற்றித் திருப்பிக் கொடுப்பேன்.
பாதி வழக்கு அந்த உருபில் இருக்கிறது.

குகனேசன் வினிப்பெக் வரை டிரக் ஓட்டுகிறவர்.
இருநூற்றுப் பதினாலு பக்கம் வாட்ஸப் அச்செடுத்து வந்தார்,
அவள் எப்படிப்பட்டவள் என்று உலகம் அறிய.
எல்லாம் படித்தேன். இரண்டு இரவு.
நூற்று முப்பத்தோராம் பக்கத்தில்,
இரண்டு வசைகளுக்கு நடுவே,
அதிகாலை மூன்று பத்துக்கு:
"காய்ச்சல் இறங்கிட்டுது."
"சரி. நீயும் படு."
அந்தப் பக்கத்தை மட்டும் எதிர்த்தரப்புக்கு அனுப்பினேன்.
"இதுக்கோ உமக்குக் காசு தந்தனான்?" என்றார்.
ஓம், இதுக்குத்தான் என்றேன்.
ஒரு கிழமை அவர் போன் எடுக்கவில்லை.

இன்னொருத்தி. பெயர் சொல்லமாட்டேன்.
பத்தி ஒன்பதில் எழுதியிருந்தாள்:
எனக்கு அவரிடம் பயம்.
இது உணர்வு, சம்பவம் வேண்டும் என்று
அதையும் வெட்டினேன்.
தலையாட்டினாள். தலையாட்டிப் பழகியவள்.
மார்ச் மாதம் பக்கத்து வீட்டுக்காரர்
போலீஸைக் கூப்பிட்டார்.
எலும்பு பொருந்திவிட்டது என்று கேள்வி.
வேறு வக்கீலிடம் போய்விட்டாள், சரிதான்.
பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்
எனக்குத் தாமதமாக விளங்கியது:
பயம் பெயரடை அல்ல.
பெயர்ச்சொல்.
இப்போது அந்தச் சொல் வந்தால் பேனாவை மூடிவைத்து
எப்போதிருந்து என்று கேட்கிறேன்.
பதில் வரும்வரை
மணிக்கணக்கை நிறுத்திவைக்கிறேன்.

குகனேசன் கடைசியில் கையெழுத்திட்டார்.
பத்தி பதினேழு: இன்ஹேலர் பிள்ளையோடு போகும்.
பத்தி பதினெட்டு: ஒப்படைப்பு,
டிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடம், வெள்ளி ஆறு மணி.
தைப்பொங்கல் ஒற்றை ஆண்டுகளில் அம்மாவோடு.
முப்பத்தொரு பக்கம்,
ஒரு பெயரடைகூட இல்லை.
பெருமையாக இருந்தது.

வெள்ளி ஆறே கால்.
போன் அடிக்கிறது.
பின்னணியில் காற்று, இரண்டு கார்களின் உறுமல்,
ஒரு சின்னக் குரல் தும்முகிறது.
"மிஸ், பனிச்சப்பாத்து எந்த வீட்டில நிக்கவேணும்?
அது ஒரு இடத்திலையும் எழுதேல்லை."